கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு அடக்கமான பெண்

அதில்லை கோமளா, ஆடு வந்தது காலையில். சிரிப்பு வந்தது சாயந்திரம். நீ இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதிவிடாதே. ஆட்டை விட்டுவிட்டுச் சிரிப்பை மட்டும் எழுதினால், பத்திரிகை படிக்கிறவர்கள் என் மகள் கஸ்தூரிக்குப் பைத்தியம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எனக்கு எழுத்து தெரியாது. பக்கத்து வீட்டுப் பாவத்துக்கு நீ எழுதித் தருகிறாய். நான் சொல்வதையெல்லாம் நாலு பேர் படிக்கிற மாதிரி மடித்து எழுதிக்கொள், புடவை மடிப்பது போல. ஆனால் அன்றைக்குப் பந்தலில் வாயைத் திறந்தவர்கள் பேச்சை மட்டும் மடிக்காதே. அது கசங்கினபடியே இருக்கட்டும்.

கஸ்தூரியின் கல்யாணத்துக்கு முந்தின நாள். ஆரணியில் எங்கள் நெசவுத் தெருவில் யார் வீட்டுக்கும் டிவி வந்து சேராத காலம். எங்கள் வாசலில் பாதித் தெருவை அடைத்துப் பந்தல். மீதித் தெருவில் வேலு மாமா பட்டுப் பாவு விரித்திருந்தார், தறியில் ஏற்றுகிற நீள இழை. கல்யாணம் என்றால் தெருவில் பாவு விரிக்கக் கூடாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பந்தலுக்கு வருகிறவர்கள்தான் ஒதுங்கி வரவேண்டும்.

பட்டு இழைக்குக் கஞ்சி போட்டிருந்தது. கஞ்சி வாசனைக்கு எங்கிருந்தோ ஒரு ஆடு வந்து ஓரத்தில் நக்க ஆரம்பித்தது. வேலு மாமா அந்தக் கோடியில் இழையை நீவிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. உள்ளே கஸ்தூரிக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தோம். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவ்வளவுதான். முகமெல்லாம் மஞ்சள், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் சாணி தெளிக்கிற வாளியோடு ஓடினாள். அவள் போட்ட சத்தத்தில் ஆடு மட்டுமா ஓடியது, பந்தலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தவர் ஏணியை விட்டு இறங்கிவிட்டார்.

ஒரு இழைகூட அறுபடவில்லை. வேலு மாமா கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு அவளைக் கும்பிட்டார். தெருவே நின்று பார்த்தது. ஆடு கதை இவ்வளவுதான். இதை மறந்துவிடாதே, சாயந்திரம் வேண்டியிருக்கும்.

சட்டத்துக்குள் இருக்கிறவள்

அப்போதெல்லாம் கல்யாணம் என்றால் வாழ்த்துமடல் கட்டாயம். உனக்கும் வாசித்தார்களே. மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் சேர்ந்து அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் ஒருவர் மைக்கில் வாசித்துக் கையில் கொடுப்பார்கள். எங்கள் தெருவுக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிறவர் ஒரே தமிழ் வாத்தியார்தான். நல்ல மனுஷன். கணீரென்ற குரல்.

அவர் எழுதுவதில் பெண்ணின் பெயர் மாறும், பெண் மாற மாட்டாள். தலை நிமிர மாட்டாள். நடந்தால் தரைக்குத் தெரியாது. பேச மாட்டாள். சிரித்தால் முல்லை மலருமாம், ஆனால் சத்தம் வராதாம். ஒவ்வொரு கல்யாணத்திலும் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். எழுத்து தெரியாதவளுக்குக் காதுதானே புத்தகம்.

நான் யோசிப்பேன், இவள் யார் வீட்டுப் பெண் என்று. இவள் வெங்காயம் உரிப்பாளா, தும்முவாளா, வேர்த்தால் துடைத்துக்கொள்வாளா? தெருவில் வீட்டுக்கு வீடு சுவரில் சட்டத்துக்குள் நின்றுகொண்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் பல்லி முட்டை வைக்கிறது. அதற்குக்கூட அசைய மாட்டாள்.

நெசவுத் தெருவில் மெல்லிய குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லு. வீட்டில் இரண்டு தறி ஓடினால், பக்கத்தில் இருக்கிறவரைச் சாப்பிடக் கூப்பிடவே கத்த வேண்டும். மெதுவாகப் பேசுகிற பெண் இங்கே பட்டினி கிடந்து செத்திருப்பாள். எங்கள் பெண்களுக்குத் தொண்டை அப்படித்தான் வளரும். கஸ்தூரிக்குக் கொஞ்சம் கூடுதலாக வளர்ந்துவிட்டது. சிரித்தால் செப்புக்குடம் மாடிப்படியில் உருண்ட மாதிரி இருக்கும். கடைசிப் படி வரைக்கும் வந்துதான் நிற்கும்.

பெருவிரல்

ஏட்டில் இருக்கிற பெண்ணை நம்பி நானே ஒரு தடவை கெட்டிருக்கிறேன். போன வாரம் என் கல்யாணத்தைச் சொன்னேனே, அதில் இதை விட்டுவிட்டேன்.

பள்ளிக்கூடம் போன என் சித்தி மகள் கதைப் புத்தகம் வாசித்துச் சொல்வாள். அதில் பெண் பார்க்க வந்தால், பெண் வெட்கப்பட்டுக் கால் பெருவிரலால் தரையில் கோலம் போடுவாள். எல்லாக் கதையிலும் போடுவாள். சரி, அதுதான் முறை போலிருக்கிறது என்று, என்னைப் பார்க்க வந்தபோது நானும் தலையைக் குனிந்து பெருவிரலால் கோலம் போட்டேன்.

கதையில் என்ன தரையோ தெரியாது. எங்கள் வீட்டில் அன்று காலையில்தான் சாணம் மெழுகியிருந்தது. ஈரம். நான் வெட்கப்பட வெட்கப்படப் பத்தை பத்தையாகப் பெயர்ந்து வந்தது. என் மாமியார் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் என் அம்மாவிடம், "பொண்ணுக்கு காலு அரிக்குதா என்னாம்மா" என்று கேட்டுவிட்டார்.

கன்னத்தில் கல்கண்டு

கஸ்தூரிக்கு வந்த மாப்பிள்ளை சேவூர் ஏகாம்பரம். தாய் இல்லாத பிள்ளை. அப்பாவும் மகனும், ஆளுக்கு ஒரு தறி, வீட்டில் வேறு ஆள் கிடையாது. பையனை வளர்த்தது களம்பூரில் வாழ்க்கைப்பட்ட அவன் அத்தை சொர்ணம்மா. அவள் புருஷனுக்கு அங்கே அரிசி மில்லில் வேலை. சொர்ணம்மா சரி என்றால் சரி, வேண்டாம் என்றால் வேண்டாம். பையனின் அப்பாவே அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தும்முவார்.

நடுவில் பேசின உறவுக்காரர், அந்த அம்மாவுக்கு அடக்கமான பெண்தான் பிடிக்கும் என்று சொல்லிவிட்டார். நாங்களும் எங்கள் பெண் வாயே திறக்க மாட்டாள் என்று சொல்லிவிட்டோம். சொல்லிவிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

பெண் பார்க்க வந்த அன்று கஸ்தூரி வாயில் பெரிய கல்கண்டு ஒன்றை வைத்து, அது கரைகிற வரைக்கும் வாயைத் திறக்காதே என்று சொல்லி அனுப்பினேன். நெல்லிக்காய் அளவு. பிள்ளை அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டியே பதில் சொன்னாள். ஏகாம்பரமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வாயில் கல்கண்டும் இல்லை. சொர்ணம்மா பூ வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவர்கள் போனதும் கஸ்தூரி கேட்டாள்: "ஏம்மா, அவுரு ஊமையா?"

பாட்டுக்குச் சண்டை கிடையாது

இன்னொன்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் சாயந்திரம் நான் செய்தது புரியாது. எங்கள் பக்கம் நலங்கு வைக்கும்போது பெண் வீட்டுப் பொம்பளைகளும் பிள்ளை வீட்டுப் பொம்பளைகளும் ஏசல் பாட்டுப் பாடுவார்கள். சம்பந்தி மூக்கைப் பாடலாம், மாப்பிள்ளை மீசையைப் பாடலாம், போட்டுக்கொண்டு வந்த நகை இரவல் என்றுகூடப் பாடலாம். பேச்சில் சொன்னால் வெட்டுக்குத்து ஆகிற வார்த்தையைப் பாட்டில் சொன்னால் சிரிக்க வேண்டும். கோபப்பட்டால் கோபப்பட்டவர்களுக்குத்தான் கேவலம். பாட்டுக்குப் பதில் பாட்டுத்தான். பதில் பாடாமல் எழுந்து போனால் தோற்றுப்போன மாதிரி.

இந்தத் தெருவில் ஏசல் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நின்ற இடத்தில் கட்டுவேன். களம்பூரில் யாரைக் கூப்பிடுவார்கள் என்று நினைக்கிறாய்? சொர்ணம்மாவைத்தான். இரண்டு பேருக்கும் இரண்டு பேரைப் பற்றியும் தெரியும். ஒரே பந்தலில் உட்கார்ந்ததில்லை.

உட்கார வாய்ப்பு வந்தபோது என் வாய்க்குப் பூட்டு. நான் பெண்ணைப் பெற்றவள் ஆயிற்றே. அந்தக் காலத்தில் மாமியார்காரி மாப்பிள்ளை எதிரில் நிற்கவே மாட்டாள், கதவுக்குப் பின்னால் நின்று, கதவிடம் பேசுகிற மாதிரி பேசுவாள். பாடுவதாவது. என் நாத்தனார் பாடுவதாக ஏற்பாடு. எனக்கு ஒரு மாதமாக நாக்கு அரித்துக்கொண்டிருந்தது கோமளா. மாவு ஆட்டும்போது பாட்டு வரும், மென்று முழுங்குவேன்.

குழாயில் போன சிரிப்பு

சாயந்திரம் பிள்ளை வீட்டார் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் மேடையில் உட்கார வைத்தாயிற்று. சந்தனம், பன்னீர், காப்பி எல்லாம் ஆயிற்று. கஸ்தூரி வாயில் கல்கண்டு வைக்கலாமா என்று யோசித்தேன். கல்யாணப் பெண்ணுக்கு ஆளாளுக்குச் சர்க்கரை ஊட்டுவார்களே, சரிப்படாது என்று விட்டுவிட்டேன். ஒரே ஒரு நாள் சிரிக்காமல் இருடி என்று கையைப் பிடித்துக் கேட்டேன். சரி என்றுதான் சொன்னாள் பாவம்.

தமிழ் வாத்தியார் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மைக் முன்னால் வந்தார். மைக் செட்டுக்காரர் மைக்கைப் பெண்ணுக்குப் பக்கத்திலேயே நட்டு வைத்திருந்தார். குழாய் ஸ்பீக்கரைத் தெருக்கோடி வேப்பமரத்தில் கட்டியிருந்தார், கடைத்தெரு வரைக்கும் கேட்கும்.

"மண்ணறியா மெல்லடியாள்" என்று ஆரம்பித்தார். பந்தலில் எங்கள் தெருக்காரர்கள் கொஞ்சம் நெளிந்தார்கள். காலையில் அந்த மெல்லடி எப்படி ஓடியது என்று எல்லோரும் பார்த்தவர்கள்தானே. "மற்றவர் கேட்டறியாக் குரலாள்" என்றார். பின்வரிசையில் தோள்கள் குலுங்கின. வாத்தியாருக்கு ஒன்றும் தெரியாது, காலையில் அவர் ஊரில் இல்லை. மூச்சை இழுத்துக்கொண்டு, "சின்னஞ்சிறு உயிரும் இவள் சொல் கேட்டு அஞ்சாது" என்றார்.

வேலு மாமா நல்ல மனுஷன். வயதானவர். அவருக்கு என்ன வந்ததோ, பந்தல் அமைதியாக இருந்த அந்த நேரத்தில் நிதானமாக, "ம்மே" என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். செப்புக்குடம் முதல் படியில் உருளுவது கேட்டது. அப்புறம் இரண்டாவது படி. மைக் பக்கத்தில் இருந்ததா, குழாய் வழியாகச் சிரிப்பு தெருக்கோடிக்குப் போய், அங்கே சுவரில் மோதித் திரும்பி வந்தது. கடைத்தெருவில் வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்களாம். எங்கள் பக்கத்து ஆட்கள் அதற்கு மேல் தாங்கவில்லை, பந்தல் முழுக்கச் சிரிப்பு.

பிள்ளை வீட்டு வரிசையில் மட்டும் ஒரு பல் தெரியவில்லை.

சொர்ணம்மா எழுந்தாள். நல்ல உயரம், கையில் விசிறி. மேடைக்கு வந்து மைக்கைத் தள்ளி வைக்கச் சொன்னாள். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். என்னை வெளியே கூப்பிட்டாள்.

"ஏம்மா சம்பந்தி, பொண்ணு வாயே தொறக்காதுன்னு சொன்னீங்க. தொறந்தா மூடாது போல கீதே. எங்கள என்னான்னு நெனச்சிக்கினு கீறீங்க நீங்க?"

என்ன சொல்வேன், கேட்டது நியாயம்தானே. அவர்கள் பக்கத்தில் யாரோ பெரியவர், கடைசி பஸ் எப்போது என்று விசாரித்தார். இரண்டு பேர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கஸ்தூரி சிரிப்பு நின்று, கண்ணில் மை கரைந்து, என்னையே பார்த்தாள். தாலி இன்னும் தட்டில்தான் இருந்தது. இவர்கள் எழுந்து போனால், மாப்பிள்ளை வீட்டார் விட்டுவிட்டுப் போன பெண் என்று அவளுக்குக் காலத்துக்கும் பெயர்.

நாத்தனாரைப் பார்த்தேன். பாட வேண்டியவள் சந்தனக் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பூட்டு திறந்தது

ஏகாம்பரத்தைப் பார்த்தேன். முதல்முதலாக நேராகப் பார்த்தேன் என்று வைத்துக்கொள். இத்தனை கலாட்டாவிலும் அந்தப் பிள்ளை தலை நிமிரவில்லை. சிறு வயதிலிருந்து குழித்தறியில் காலை விட்டு உட்கார்ந்து உட்கார்ந்து கழுத்தே அப்படித்தான் மடங்கியிருந்தது. பேசவில்லை. மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. வாத்தியார் கையில் சட்டம். சட்டத்தைப் பார்த்தேன், பிள்ளையைப் பார்த்தேன். அட, இத்தனை வருஷமாக நான் வீடு வீடாகத் தேடினவள் இதோ வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே.

அப்புறம் யார் தடுப்பது? பேசினால் சண்டை, பாடினால் சண்டை கிடையாது. கதவை விட்டு வந்து, சொர்ணம்மா எதிரில் நின்று, கையைத் தட்டினேன்.

*கண்ணாடிக்குள்ள ஒருத்தி – தல நிமிர மாட்டாளாம்*
*காத்து வந்து இடிச்சாலும் – வாய் தொறக்க மாட்டாளாம்*
*தெருத்தெருவாத் தேடினேன் – அவ எங்கயும் ஆப்புடல*
*சேவூரு தறிக்குழியில – ஆப்ட்டாளே சம்பந்தி*

மாமியார்காரி பாடுகிறாள். என் நாத்தனார் வாயில் கையை வைத்துக்கொண்டாள். நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் பேச்சு வந்துவிடும்.

*குழியில கால வுட்டு – குனிஞ்ச தல நிமிராது*
*கூப்ட்டு நாலு கேட்டாலும் – கூழு வேணும்னு சொல்லாது*
*அடக்கமான பொண்ணுக்கு – அரும்பு மீச ஒட்டவச்சி*
*ஆரணிக்கு இட்டாந்த – அத்தக்காரி வாழியம்மா*

சொர்ணம்மா முகம் கல் மாதிரி இருந்தது. ஆனால் நான் வேறொன்றைப் பார்த்தேன். விசிறி பிடித்த கையில் ஒரு விரல் மட்டும் காம்பைத் தட்டிக்கொண்டிருந்தது. தாளம். ஏசல்காரியின் விரல் கோமளா, அதை யாராலும் கட்டிப்போட முடியாது.

பையை மடியில் வைத்திருந்த பெரியவர், "வா சொர்ணம், போலாம்" என்றார்.

சொர்ணம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பதில் பாடாம எப்டி போறது, குந்து" என்றாள். விசிறியை இடுப்பில் செருகினாள்.

*பொண்ணு பாக்க வந்த அன்னிக்கி – கன்னத்துல கல்கண்டு*
*பொடச்சத பாத்துட்டுத்தான் – பூ வச்சிட்டு போனேன்டி*
*மருமவன் எதிர்ல நின்னு – மாமியாரே பாடறப்போ*
*மக வாயக் கட்டிவைக்க – மஞ்சக்கயிறு பத்துமாடி*

எனக்குக் கை தட்ட மறந்துவிட்டது. கல்கண்டைப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கே பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் பூ வைத்திருக்கிறாள். பேச்சில் அவள் மாப்பிள்ளையின் அத்தை, ஊர் எதிரில் பெண் அப்படிச் சிரித்தால் எழுந்து கேட்டுத்தான் ஆகவேண்டும். கேட்காவிட்டால் அவளைக் கேட்பார்கள். பாட்டில்தான் அவள் சொர்ணம்மா. பேச்சில் 'சம்பந்தி, நீங்க' என்றவள் பாட்டில் 'டி' போட்டாள் பார், அப்போதே கல்யாணம் முடிந்துவிட்டது.

அதற்கப்புறம் அவள் ஒன்று, நான் ஒன்று. என் மூக்குத்தியைப் பாடினாள், அவர்கள் ஊர் தவிட்டைப் பாடினேன். பைகள் எல்லாம் பெஞ்சுக்கு அடியில் போயின. கஸ்தூரி மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தாள், யாரும் தடுக்கவில்லை. ஏகாம்பரம் தலை குனிந்தபடியேதான் இருந்தார். ஆனால் தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. சத்தமே இல்லை. வாத்தியார் எழுதினது அப்படியே பலித்தது.

நலங்கு வைக்கும்போது சொர்ணம்மா கஸ்தூரி கன்னத்தில் சந்தனம் பூசிக்கொண்டே குனிந்தாள். நான் பக்கத்தில் இருந்ததால் கேட்டது.

"அந்தூட்ல தறி சத்தத்த வுட்டா வேற சத்தமே கெடையாது கண்ணு. எங்கண்ணி போனதிலிருந்து அப்டித்தான் கீது. நீ போயி நல்லா சிரி."

காகிதத்தில் சுகமாக இருக்கிறாள்

வாத்தியார் அத்தனை நேரமும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், பாவம், கை வலித்திருக்கும். மிச்சத்தை வாசிக்கலாமா என்று கேட்டார். வாசியுங்கள் என்றோம். முடித்ததும் வழக்கமாகப் பெண் கையில்தான் கொடுப்பார். அன்றைக்கு ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு மாப்பிள்ளை கையில் கொடுத்தார். பந்தல் அப்போது சிரித்த சிரிப்புக்கு மைக்கே தேவைப்படவில்லை.

அடுத்த மாதம் வேலு மாமா பேத்தி கல்யாணம். வாத்தியார் வந்தார், மைக் பிடித்தார். அதே பெண். அதே குனிந்த தலை, அதே மெல்லடி. அவளுக்கென்ன, காகிதத்தில் சுகமாக இருக்கிறாள், பாட்டுக்கு எங்களை விட்டுவிட்டாள்.

கஸ்தூரியின் சட்டம் சேவூரில், ஏகாம்பரத்தின் தறிக்கு நேர் மேலே ஆணியில் தொங்குகிறது. புதிதாக வருகிறவர்கள் வாசித்துவிட்டு, யாரை இப்படி எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டால், அவள் குழியைக் காட்டுவாள். "அதோ, குந்திகினு கீறாரே, அவுருதான்." அவர் குனிந்தபடி தறியில் நாடாவைத் தள்ளிக்கொண்டே இருப்பார்.

நானும் அவரிடம் இன்றுவரைக்கும் நேராக ஒரு வார்த்தை பேசினதில்லை. மாமியார் முறையை விடக்கூடாது அல்லவா? சோறு போடட்டுமா, மோர் வேண்டுமா, ஊருக்கு எப்போது, எல்லாம் பாட்டுத்தான். அவர் தலையாட்டுவார். ஒரு தடவை குழம்பு நன்றாக இருந்ததற்குத் தொடையில் தாளம் போட்டார்.

இரு இரு. கேட்டதா? தெருமுனையில் செப்புக்குடம் உருளுகிறது. பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டாள். அவள் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு அவரும் குனிந்தபடி வந்துகொண்டிருப்பார். பசி என்று வாயைத் திறந்து சொல்லவா போகிறார். நான் உலை வைக்கப் போகிறேன். அரிசி களைவதற்குள் ஒரு பாட்டு வேறு கட்ட வேண்டும், போன தடவை பாடினதையே பாடினால் தலையாட்ட மாட்டார். நீ பேனாவை மூடிவிட்டு வந்து அந்த வெங்காயத்தை உரி கோமளா.